நாற்காலியில் குடை மாட்டியவள்

உட்காருங்கள் என்று சொன்னால் கோபப்படுகிற ஒரே ஒரு மனுஷியைத்தான் என் ஆயுளில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் வார்த்தை "இரிங்க" என்பதுதான். காய்கறிக்காரி கூடையை இறக்கினாலும் இரிங்க, சம்பந்தி வந்து நின்றாலும் இரிங்க. அதைச் சொல்லாவிட்டால் மரியாதை தெரியாத குடும்பம் என்று தெருமுனை வரைக்கும் பேச்சு போய்விடும். அவளிடம் மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. மூக்கு நுனி சிவந்துவிடும். "என்னைய என்ன கொலுவுலயா வைக்கப் போற?" என்பாள்.

தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஐம்பதுகளின் நடுவில். நான் கணக்கு டீச்சர், அவள் டிரில் டீச்சர். சுரண்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ஒரே வயசு. நாலு பேர் முன்னால் "டீச்சர், டீச்சர்" என்று குழைவோம். தனியாக இருந்தால் "ஏட்டி"தான். அவள் பேரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதுகிற அருகதை எனக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்லத்தான் போகிறேன்.

வெள்ளைச் சேலை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்பு நாடாவில் விசில். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு நாற்காலி கிடக்கும். அவள் ஜன்னலில் சாய்ந்து நின்றபடியே தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டு முடிப்பாள். சர்ச்சில் பிரசங்கம் நீண்டால் பின்னால் போய் நின்றுகொள்வாளாம். "ஏட்டி, ஒங்க அம்மை ஒன்ன நின்னுக்கிட்டேதான் பெத்தாளா?" என்று கேட்பேன். "ஆமா, அதான் ஒன்ன மாதிரி பரந்து போகாம இருக்கேன்" என்று என் இடுப்பைப் பார்ப்பாள். வாய் கொஞ்சநஞ்சமில்லை.

பிள்ளைகளுக்கு அவள் ஒரு ஓட்டம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். விசிலை வாயில் வைத்து ஒரே மூச்சாக ஊதுவாள். அந்தச் சத்தம் நிற்பதற்குள் மைதானத்துக் கடைசியில் இருக்கிற வேப்பமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும். சத்தம் நின்றபிறகு வருகிறவள் தண்ணீர்ப் பானையை நிரப்பவேண்டும். நான் வகுப்பில் இருந்தே எண்ணுவேன், கணக்கு டீச்சர் புத்தி வேறென்ன செய்யும். பதினைந்து வரைக்கும் போகும். காலில் சக்கரம் கட்டின பிள்ளைகள்தான் ஜெயிப்பார்கள்.

ஒரு வருஷம் அது பதிமூன்றாயிற்று. பிறகு பத்து. பிள்ளைகள் எல்லோருமே தண்ணீர் இறைத்தார்கள். எனக்கு உறைக்கவில்லை. விளையாட்டு விழாவுக்கு முந்தின வாரம், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று கிணற்றடிக்குப் போய் இருமினாள். பின்னாலேயே போனேன். கைக்குட்டையை மடித்து இடுப்பில் செருகப் பார்த்தாள். பிடுங்கி விரித்தேன். ரத்தம். 

"எத்தன நாளாட்டி?"

"பொங்கலுக்கு முந்தியே. சயரோகம் இல்ல, பயப்படாத. நெஞ்சுக்குள்ள ஒரு கதவு சரியாத் திறக்க மாட்டேங்குதாம். சின்னப்பிள்ளையில மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்துச்சு, அது வச்சிட்டுப் போன வம்பு. விழா முடியட்டும், பாக்கேன். யார்ட்டயும் சொல்லிராத."

சொல்லவில்லை. எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். விழா அன்று, கயிறு இழுக்கும் போட்டிக்கு விசில் ஊதிவிட்டு அப்படியே சரிந்தாள். வாயோரம் ரத்தம் கலந்த நுரை. யாரோ ஒரு புண்ணியவான் காரில் போட்டுக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடினோம். என் மடியில் தலை வைத்திருந்தாள். பாதி வழியில் இவள் முடிந்தாள் என்றே நினைத்தேன். நீ அன்றைக்கே சொல்லியிருந்தால் இப்படி ஆகுமா என்று கார் போகிற வழியெல்லாம் என்னையே திட்டினேன். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் செய்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறதென்றால் அது இங்கேதான் இருக்கிறது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் நடந்தது. ஏழு மாசம் கழித்துத் திரும்பி வந்தாள். நெஞ்சைக் கீறிப் பிழைத்துவந்த ஆளை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாகக் கூட்டம். வந்தவர்கள் சும்மா போவார்களா? "எங்க மதினிக்கும் இதே மாதிரிதான். நல்லாத்தான் பேசிட்டு இருந்தா, பொசுக்குன்னு போயிட்டா" என்று ஒருத்தி. "இனிமே தண்ணிக்குடம் தூக்கப்படாது, மாடிப்படி ஏறப்படாது, கல்யாணம் பத்தி நினைக்கவே படாது" என்று இன்னொருத்தி. இவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே எல்லாருக்கும் பதில் சொன்னாள். வந்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க நோயாளி நிற்கிறாள். வேடிக்கைதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் மறுபடியும் வேலைக்கு வந்த அன்று, அவளுக்கு முன்னால் கிளம்பிப் போய், பியூன் அண்ணாச்சியிடம் சொல்லி ஸ்டாஃப் ரூமிலேயே நல்ல நாற்காலி ஒன்றை மைதானத்தில் வேப்பமரத்தடியில் போடவைத்தேன். பிரியம்தான். வேறென்ன? உட்கார்ந்த இடத்தில் இருந்தே டிரில் சொல்லிக்கொடுக்கட்டுமே என்று நினைத்தேன். முதல் பீரியட் மணி அடித்தது. மைதானத்துக்கு வந்தவள் நாற்காலியைப் பார்த்தாள். சுற்றி ஒரு நடை நடந்தாள். பிறகு தன் குடையை அதன் முதுகில் மாட்டினாள். பிள்ளைகளின் பைகளையும் வாங்கி அதில் அடுக்கினாள். தண்ணீர்ப் பானையைக் கொண்டுவந்து மேலே ஏற்றினாள். மறுநாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. ஐப்பசி அடைமழை பூராவும் அது நனைந்து, உப்பி, ஒரு கால் விட்டுப்போச்சு.

"யாருட்டி இத இங்கன கொண்டாந்து போட்டது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"பெரிய டீச்சரா இருக்கும்" என்று புளுகினேன். பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை.

ஆனால் விசில் ஓட்டம்தான் என்னைக் கொன்றது. திரும்பி வந்த முதல் வாரம் அவள் ஊதினாள். நான் வகுப்பில் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நின்றுபோச்சு. பிள்ளைகள் வேப்பமரத்துக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஓடினதுகள் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தன. ஒருத்தரும் சிரிக்கவில்லை. "எல்லாரும் போய்த் தண்ணி இறைங்க" என்று அதட்டினாள். குரல் மட்டும் பழைய குரல்.

ஒருநாள் மதியம் ஸ்டாஃப் ரூமில் வேறு யாரும் இல்லாத நேரம், கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினாள். இடது மார்புக்குக் கீழே தொடங்கி, விலாவைச் சுற்றிக்கொண்டு போய், முதுகில் தோள்பட்டைக்குக் கீழே முடிகிற தழும்பு. கோணி தைத்த மாதிரி புள்ளி புள்ளியாகத் தையல் தடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லாப் பாரு. விலாவை விரிச்சு, ஒரு டாக்டர் விரல உள்ள விட்டு அந்தக் கதவத் திறந்து விட்டாராம். என் நெஞ்சுக்குள்ள ஒரு ஆள் விரல் போயிட்டு வந்திருக்குட்டி. வேற யாருக்காவது உண்டுமா, சொல்லு!"

பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு என்னைப் பீரோவுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே சுவரில் பென்சில் கோடுகள். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. டிரில் டீச்சருக்குக் கை தூக்க முடியாவிட்டால் என்ன இருக்கிறது? சுவரை ஒட்டி நின்று, பல்லி ஏறுகிற மாதிரி விரல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்ற ஆஸ்பத்திரி நர்ஸ் பழக்கியிருந்தாள். எட்டின இடத்தில் ஒரு கோடு. வீட்டில் இரண்டு பாட்டிலுக்கு நடுவே ரப்பர் குழாய் மாட்டி, ஒன்றில் இருக்கிற தண்ணீரை ஊதி ஊதி மற்றதுக்குத் தள்ளுவாளாம். காலையில் நூறு ஊத்து, சாயங்காலம் நூறு. அப்பொழுது கோடு அவள் காதுக்கு நேரே இருந்தது. மூன்று மாசத்தில் தலைக்கு மேலே போச்சு. விசில் ஆறாயிற்று, எட்டாயிற்று. இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு மட்டும் காட்டினாள், பாவி.

பெரிய டீச்சர் கெட்டவர் இல்லை. பயந்தவர். மைதானத்தில் ஏதாவது ஆகிவிட்டால் பெற்றவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று அவருக்குத் தூக்கம் போச்சு. "பேசாமத் தையல் வகுப்ப எடுத்துக்கோங்க. அக்கடான்னு உக்காந்திருக்கலாம். டிரில்லுக்கு வேற ஆள் போட்டுக்கிடுதேன்" என்றார். இவள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். சாரல் பிடித்ததும் பெரிய வகுப்புப் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போய், மெயின் அருவிக்கு மேலே மலைப்பாதை வழியாகச் செண்பகாதேவி அருவி வரைக்கும் ஏற்றிக்கொண்டு போவது எங்கள் பள்ளிக்கூட வழக்கம். எப்போதும் டிரில் டீச்சர்தான் முன்னால் போவாள். இந்த வருஷமும் அவளே போகட்டும். கோளாறு இல்லாமல் ஏறி இறங்கினால் டிரில் அவளுக்கே. இல்லாவிட்டால் தையல். துணைக்கு நான்.

முந்தின நாள் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையை நீட்டினாள். "சத்தியம் பண்ணு. அங்கன என்ன பாத்தாலும் பெரிய டீச்சர்ட்ட வாய் திறக்கப்படாது." அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். கை வெதுவெதுப்பாக இருந்தது.

மலையில் தூறலான தூறல். பாறை எல்லாம் வழுக்கல், பிள்ளைகள் காலில் அட்டை. அவள் நூறு எட்டு வைப்பாள், நிற்பாள், இருபது எண்ணுவாள், அடுத்த நூறு. நிற்கிற இடத்தில் எல்லாம் மரத்தைக் காட்டி, குரங்கைக் காட்டி ஏதாவது கதை விடுவாள். டீச்சர் இளைப்பாறுகிறாள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. இப்படியே மேலே போய்ச் சேர்ந்தோம். அருவி இரைச்சலுக்கு நடுவில் பிள்ளைகளைக் கூப்பிட விசிலை எடுத்தாள். பதினொன்று எண்ணினேன். என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அழுதேன். சாரலில் யாருக்குத் தெரியும்?

இறங்கும்போதுதான். பாதிக்கு மேல் வந்தாச்சு. பிள்ளைகள் முன்னால் ஓடிவிட்டார்கள். ஒரு வளைவில் பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு மெல்ல, பாறை மேல் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ரெண்டு நிமிசம் இரிக்கேன். பயப்படாத. அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்க, ஞாபகம் இருக்கட்டும்."

இரண்டு நிமிஷம் இல்லை, பத்து நிமிஷம் ஆனது. பிறகு எழுந்தாள். உதட்டில் நிறம் வந்துவிட்டது. கீழே வந்து பிள்ளைகளைத் தலை எண்ணி பஸ்ஸில் ஏற்றினாள். தென்காசி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.

மூன்றாம் நாள் பெரிய டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒங்க பிள்ளைகள நினைச்சு உண்மையச் சொல்லுங்க. எங்கயாவது தள்ளாடினாளா?" என்றார். எனக்கு அந்தக் கார் ஞாபகம் வந்தது. மடியில் கிடந்த தலை, நுரை, எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்த பாவம். இன்னொரு தடவை என்னால் முடியாது என்று தோன்றியது. "ஒரு இடத்துல முடியாம உக்காந்துட்டா டீச்சர். உதடெல்லாம் நீலம் பூத்துப் போச்சு" என்றேன். நூறு எட்டுக்கு ஒரு தடவை நின்று நின்று அந்த மலையை அவள் ஏறினதைச் சொன்னேனா? இல்லை. பதினொன்று ஊதினதைச் சொன்னேனா? அதுவும் இல்லை. உட்கார்ந்ததை மட்டும் சொன்னேன்.

அடுத்த நாளே உத்தரவு வந்தது. டிரில் வேறு ஆளுக்கு.

மூன்றாவது பீரியட் எனக்கு ஓய்வு. ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் வந்தாள். மைதானத்தில் கிடந்த அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள், இடது கையால். ஒரு கால் விட்டுப்போன நாற்காலி. என் மேஜைக்கு எதிரே போட்டாள். உட்கார்ந்தாள். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் புதுசாக வந்த பிள்ளை மாதிரி.

"உக்காந்துட்டேன். பாரு" என்றாள்.

"ஏட்டி, நீ உயிரோட இருக்கணும்னுதாம்ட்டி சொன்னேன்."

"மலையில உயிரோடதான இருந்தேன்? நீ கூடத்தான நின்ன."

 மணி அடிக்கிற வரைக்கும், நாற்பத்தைந்து நிமிஷம், ஆடுகிற அந்த நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். நான் ஒரே நோட்டை வைத்துக்கொண்டு அழுதேன். நாற்காலியைப் போட்டது நான்தான் என்பதும் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். மணி அடித்ததும் எழுந்து போனாள்.

தையல் வகுப்பை ஒரு வருஷம் நடத்தினாள். கால் மிஷின் வேண்டாம் என்று கை மிஷின் கேட்டு வாங்கி, உயரமான மேஜையில் வைத்து, நின்றுகொண்டே சுற்றினாள். என்னை "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டாள், தனியாக இருக்கும்போதும். நான் "ஏட்டி" என்று எத்தனையோ தடவை போய் நின்றேன். "சொல்லுங்க டீச்சர்" என்பாள். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம். பீரோவுக்குப் பின்னால் போய்ப் பார்ப்பேன். புதுக் கோடு எதுவும் இல்லை. பிறகு சுரண்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் டீச்சர் வேலை காலியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நாங்கள் பிரிவு உபசாரம் வைத்தோம். மாலையை நின்றபடியே வாங்கிக்கொண்டாள்.

போய் நாலாவது வருஷம் தகவல் வந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டு இருந்தவளுக்கு நெஞ்சில் இருந்து ஒரு ரத்தக்கட்டி தலைக்குப் போய்விட்டதாம். முப்பத்தைந்து முடியவில்லை. பெரிய டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரியாப் போச்சு. அங்கன போயி ஆடி ஓடி இப்படி ஆயிட்டாளே" என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர் டாக்டர் ஒருத்தரிடம் போய், யாருக்கோ வந்த மாதிரி விசாரித்தேன். "அந்தக் கட்டி ஓடினாலும் வரும், உக்காந்திருந்தாலும் வரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சீட்டை எடுத்தார்.

அவள் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவளை ஒரு தடவை பார்த்தேன். பார்த்தேன் என்று யாரிடமும் சொன்னது இல்லை. என் நாத்தனார் மகள் வளைகாப்புக்குச் சுரண்டை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிறுத்தினார்கள். வாளியை எடுத்துக்கொண்டு கண்டக்டர் இறங்கினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன், மைதானத்துக்கு நடுவில் வெள்ளைச் சேலை, கான்வாஸ் ஷூ. கன்னம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நாற்காலி ஏதும் இல்லை. குடை தரையில் கிடந்தது.

இறங்கி ஓடியிருக்கலாம். "ஏட்டி" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். முன் சீட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். "சொல்லுங்க டீச்சர்" என்று அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? கம்பி இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன்.

இடது கையைத் தூக்கினாள். காதை ஒட்டி, நேராக, சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி. விசிலை ஊதினாள். அங்கேயும் அந்த ஓட்டம்தான். கடைசியில் ஒரு புளியமரம். பிள்ளைகள் பாய்ந்தார்கள். நான் என்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தேன். நாலு. எட்டு. பதினொன்று. பதினைந்து. கண்டக்டர் வாளியோடு ஏறி விசில் கொடுத்தார். அவர் விசிலுக்கும் அவள் விசிலுக்கும் எனக்கா வித்தியாசம் தெரியாது? பதினெட்டு. பிள்ளைகள் மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். குட்டையாக ஒரு பிள்ளை, எல்லாருக்கும் கடைசியாக, பின்னலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தது. அதுவும் வந்து சேர்ந்துவிட்டது. இருபத்திரண்டு.

பஸ் கிளம்பிவிட்டது. அவள் இன்னும் ஊதிக்கொண்டிருந்தாள்.